நாலரை மணி டிரிப்

மாலை நாலரை ஆனால் அப்பா எழுந்துவிடுவார். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு இடது தோளைத் தடவிப் பார்ப்பார். அங்கே ஒரு தோல் வார் இருக்க வேண்டும், இருக்காது. "பையை எங்கே வைத்தாய்?" என்று அம்மாவைக் கேட்பார். அடுத்தது வாசல் கேட். பூட்டியிருந்தால் கொண்டியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே நிற்பார். "வண்டி எடுக்கிற நேரமாகிவிட்டது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், கேட்கவில்லையா?"

கண்டக்டர் வேலையிலிருந்து அவர் ஓய்வுபெற்றது 2002-ல். இப்போது வயது எண்பது. மறதிநோய் என்று மருத்துவர் சொல்லி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடுவது இந்த நோயில் பலருக்கும் உண்டு. அப்பாவுக்கு அதுவே டூட்டி நேரமாகவும் அமைந்துவிட்டது. போன ஆடியில் ஒருநாள் கேட் பூட்டாமல் கிடந்தது. பிரதான சாலை வரை போய்விட்டார். பூக்கடை வைத்திருக்கும் ஒருவர் அடையாளம் கண்டு, டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்து, "இது நம் வண்டி இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நான் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். கும்பகோணத்தில் எங்கள் வீட்டு வாசல் தாழ்வாரத்தில், பத்தடிக்கு ஆறடி இடத்தில், ஒரு பஸ்ஸின் ஓரத்தைக் கட்டியிருக்கிறேன். இதே நிலையில் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அளவுகளும் தவறுகளும் பயன்படட்டும்.

முதல் தவறு பெரியது. பழைய காலச் சூழலை உண்டாக்கினால் மறதிநோய் உள்ளவர்கள் அமைதியடைகிறார்கள் என்று படித்ததும், காரைக்குடிக்குப் போய்ப் பழம்பொருள் கடைகளில் பதினோராயிரம் ரூபாய் செலவழித்தேன். புனல் வைத்த கிராமபோன், அரிக்கேன் விளக்கு, பித்தளைக் கூஜா, சாய்வு நாற்காலி, கண்ணாடிச் சட்டமிட்ட சாமி படங்கள். மாடி அறையில் எல்லாவற்றையும் அடுக்கி அப்பாவை அழைத்துப்போனேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். உள்ளே இரண்டடி வைத்து நின்றுகொண்டார். குரலைத் தாழ்த்தி, "பெரிய மனிதர் வீடு போலிருக்கிறது. அவர் வருவதற்குள் கிளம்பிவிடலாம்" என்றார்.

அம்மாதான் சொன்னார்: "இவர் வீட்டில் கிராமபோன் ஏது? ஒரு டிரங்குப் பெட்டி, நாலு பாய். மழைக்கு ஒழுகாத மூலையில் படுத்து வளர்ந்தவர்." அந்த அறை என் மனத்தில் இருந்த பழைய காலம். பத்திரிகைப் படங்களில் பார்த்துப் பார்த்து நான் ஆசைப்பட்ட காலம். அப்பா அதில் ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை. மறு வாரமே பாதி விலைக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். முதியவர்கள் பழங்கதை பேசுவது மூளை தளர்வதன் அடையாளம் என்று கருதப்பட்ட காலத்தில், ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-ல் எழுதிய கட்டுரை, அது தன் வாழ்க்கையைத் தானே திரும்பிப் பார்க்கும் இயல்பான வேலை என்றது. பழைய பொருள், படம், பாட்டு கொண்டு பழைய நினைவுகளைப் பேசவைக்கும் நினைவூட்டல் சிகிச்சை அங்கிருந்துதான் வளர்ந்தது. பத்து வயது முதல் முப்பது வயது வரையிலான நினைவுகள் எல்லோரிடமும் மற்ற வயதுகளைவிட அடர்த்தியாகத் தங்குகின்றன என்பதும் நன்கு அறியப்பட்ட செய்தி. கலிபோர்னியாவின் சூலா விஸ்டா நகரில் 2018-ல் மறதிநோய் உள்ளவர்களுக்காக ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையத்தைச் சிறிய ஊர் போலவே கட்டினார்கள். அந்த ஊரின் காலம் 1953 முதல் 1961 வரை. அங்கே வருகிறவர்கள் அந்த ஆண்டுகளில் இளைஞர்கள். கணக்கு அவ்வளவுதான்.

அப்பா பிறந்தது 1944. அப்படியானால் அவருடைய காலம் 1954 முதல் 1974. அதற்குள் என்ன இருந்தது? 1966-ல் தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். 1972-ல் பஸ்கள் அரசுக் கழகங்களுக்கு மாறியபோது அவரும் மாறினார். கும்பகோணம் – தஞ்சாவூர் தடம். அவர் கேட்டை ஆட்டிக்கொண்டு தினமும் என்னிடம் சொன்னதே அதைத்தான். நான்தான் காரைக்குடி வரை போய்த் தேடியிருக்கிறேன்.

இன்னொன்றும் புரிந்தது. மறதிநோய்க்குப் பெரும்பாலும் காரணமான அல்சைமர் நோய் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியை முதலில் தாக்குகிறது. கைப்பழக்கமாக ஊறிப்போன திறமைகள் மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தவை. அவை வெகுநாள் தாங்குகின்றன. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் ஒரு கட்டு காகிதத்தைக் கையில் கொடுத்தால் கட்டைவிரல் தானாக நாக்குக்குப் போகிறது. ஆகவே பார்ப்பதற்கான அறை வேண்டாம், கைக்கு வேலை தரும் இடம் வேண்டும் என்று தீர்மானித்தேன்.

இருக்கையில் தொடங்கினேன். உடைத்த பஸ்களின் பாகங்கள் விற்கும் பழைய இரும்புக் கடையில் இருவர் அமரும் இருக்கை ஒன்று 1,800 ரூபாய்க்குக் கிடைத்தது. குழாய்ச் சட்டம் நன்றாக இருந்தது. ரெக்சின் கிழிந்து பஞ்சு வெளியே தொங்கியது. துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் சாம்பல் வண்ணம். உட்காரும் பகுதிக்கு அழுந்தாத கெட்டி ஃபோம் இரண்டரை அங்குலம். ரெக்சின் தைக்கும்போது தையல் விளிம்பை மேற்பரப்பில் வைக்காமல் பக்கவாட்டில் இறக்கச் சொன்னேன். சிறுநீர் பட்டாலும் தையல் வழியே இறங்கக் கூடாது. உயரம் முக்கியம். தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்தால் முதியவர்களால் எழ முடிவதில்லை. அப்பா நிற்கும்போது முழங்கால் மடிப்பு வரை அளந்தால் 44 சென்டிமீட்டர். இருக்கையை 46-ல் நிறுத்தினேன். நான்கு கால்களும் தரையில் ஆங்கர் போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கின்றன. அவர் பிடித்து எழும்போது ஒரு மில்லிமீட்டர்கூட அசையக் கூடாது.

இருக்கைக்கு முன்னால் குறுக்குக் கம்பி, பக்கத்தில் தரையிலிருந்து உத்தரம் வரை ஒரு நெடுங்கம்பி. இவை 32 மில்லிமீட்டர் எஃகுக் குழாய்கள். குளியலறையில் நான் முன்பே பிடிமானக் கம்பி போட்டிருந்தேன். அப்பா அதைத் தொடவே மாட்டார், அது நோயாளிக்கானது என்று அவருக்குத் தெரிகிறது. பஸ் கம்பியை அப்படியா நினைப்பார்? முப்பத்தாறு வருடம் ஆடும் வண்டியில் அதில் இடுப்பைச் சாய்த்து நின்றவர். வந்த முதல் நாளே கை அதைப் பிடித்துக்கொண்டது.

ஜன்னலுக்குக் கண்ணாடி போடவில்லை. இருட்டியதும் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை இந்த நோயாளிகள் வேறு யாரோ என்று பயப்படுவதுண்டு. மரச் சட்டம், குறுக்கே மூன்று இரும்புக் கம்பிகள், மழைக்கு மேலே சுருட்டிக் கட்டும் படுதா. அந்தக் காலத்து வண்டிகளிலும் இப்படித்தான் இருந்தது.

தரையில் பஸ்ஸில் இருப்பதுபோல மேடு கட்டிய அலுமினியத் தகடு போட ஆசைப்பட்டுத் தகடும் வாங்கிவிட்டேன். நல்லவேளை, ஒட்டுவதற்கு முன் ஒரு மாலை சும்மா விரித்துப் பார்த்தேன். அப்பா அதன் ஓரத்தில் நின்று காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். பளபளப்பு அவருக்குத் தண்ணீராகத் தெரிகிறது. கறுப்பு மிதியடியும் இப்படித்தான், பள்ளமாகத் தோன்றும். எனவே தரை ஒரே நிறம், மங்கலான சிவப்பு சிமென்ட், எந்தக் கோலமும் இல்லை. விளக்கிலும் அசலை விட்டுவிட்டேன். பழைய பஸ் பல்புகள் அழுது வடியும், நிழல் விழும். நான் போட்டது நிழல் விழாத இரண்டு வெள்ளை எல்.இ.டி. குழல்கள், நாலு மணிக்கே எரியத் தொடங்கிவிடும். பொழுது சாய்வது உள்ளே தெரியாமல் இருந்தால் பதற்றம் குறைகிறது.

எஞ்சின் ஓசையைப் பற்றி எழுதாமல் விட முடியாது. டீசல் பஸ் உறுமும் சத்தத்தைப் பதிவு செய்து இருக்கைக்கு அடியில் சிறு ஸ்பீக்கர் வைத்தேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. போட்ட ஐந்தாவது நிமிடம் அப்பா வியர்த்துவிட்டார். வண்டி ஓடுகிறது, இன்னும் டிக்கெட் போடவில்லை, அடுத்த ஸ்டேஜ் வந்துவிடும்! எழுந்து தாழ்வாரம் முழுக்க ஆள் தேடினார். அன்று இரவு பதினொரு மணி வரை உறங்கவில்லை. ஸ்பீக்கரை மறுநாள் கழற்றினேன். நிற்கும் வண்டிதான் நல்லது. நிற்கும் வண்டியில் கண்டக்டருக்கு அவசரம் இல்லை.

மணிக் கயிற்றிலும் ஒரு விபத்து தப்பியது. உத்தரத்தை ஒட்டிப் பருத்திக் கயிறு கட்டி, முனையில் பித்தளை மணி வைத்திருந்தேன். கயிறு கைக்கு எட்டினால் அதைப் பிடித்தே எழப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுந்தார், கயிறு தொய்ந்தது, அம்மா தாங்கிப் பிடித்தார். இப்போது கயிறு உட்கார்ந்தவர் கைக்கு எட்டாது, நின்றால்தான் எட்டும். ஒரு முனையை மெல்லிய தையல் நூலால் கட்டியிருக்கிறேன். பாரம் விழுந்தாலோ கழுத்தில் சிக்கினாலோ நூல் அறுந்துவிடும். மாதம் ஒருமுறை நானே இழுத்து அறுத்துப் பார்த்து மறுபடி கட்டுகிறேன்.

இனி பை. புதுப் பை ஒன்று வாங்கினேன். தோளில் மாட்டிப் பார்த்துக் கழற்றி என்னிடமே நீட்டினார். பரணைத் துழாவியதில் அவருடைய பழைய பையே கிடைத்தது. பூஞ்சை படிந்து, மடிப்பில் வெடித்து, அடித் தையல் முழுக்க விட்டிருந்தது. ஈரத் துணியால் துடைத்து நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு மூன்று இரவு தடவினேன். வெயிலில் காயவைத்தால் தோல் விறைத்து உடையும். செருப்புத் தைப்பவர் மெழுகு பூசிய நூலால் அடியை மறுபடி தைத்துக் கொடுத்தார். கூலி கேட்டதற்கு, "கண்டக்டர் பையா?" என்று திருப்பிப் பார்த்து, ஐம்பது ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். பையை அப்பாவிடம் கொடுத்தபோது அவர் வாரை மாட்டவில்லை. முதலில் வாயைத் திறந்து உள்ளே மூக்கை வைத்து முகர்ந்தார். பிறகு இரண்டு விரலை உள்ளறைக்குள் விட்டார். அங்கே ஒரு ஓட்டை உண்டு, அதன் வழியாகச் சில்லறை அடியில் போய்விடும். விரல் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து நின்றது. "இன்னும் தைக்கவில்லையா?" என்றார். அதைத் தைக்காமல் விட்டதுதான் இந்த வேலையில் நான் செய்த நல்ல காரியம் என்று நினைக்கிறேன்.

சில்லறைக்குப் பழைய நாணயங்கள்: சதுரமான ஐந்து பைசா, விளிம்பு நெளிந்த பத்து பைசா, ஆறு மூலை இருபது பைசா, உருண்டை இருபத்தைந்து பைசா. 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்பதால் நாணயம் சேகரிப்பவர்களிடம் எடைக்கே கிடைத்தன. அப்பா அவற்றைப் பார்ப்பதில்லை, தடவித்தான் பிரிக்கிறார். விளிம்பு வைத்தே விரலுக்குத் தெரிகிறது. பை நிறைய நிரப்பியதில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வந்து, ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். குறைத்து 400 கிராம் ஆக்கினேன். "வசூலே இல்லையே" என்று முகம் வாடியது. 700 கிராமில் இரண்டும் சரியாக நிற்கிறது. நாணயம் வாய்க்குப் போகும் நிலை சிலருக்கு வரும். அதனால் பையோடு அவரைத் தனியே விடுவதில்லை. டிரிப் முடிந்ததும் பை அலமாரிக்குப் போய்விடும்.

டிக்கெட்டைக் கணினியில் அச்சிட்டது வீண். தாள் தடிப்பு, கிழியும்போது சத்தமும் சரியில்லை. நான்கைந்தைக் கிழித்துவிட்டு வைத்துவிட்டார். பக்கத்துத் தெருவில் டிரெடில் இயந்திரம் வைத்து இன்னும் பில் புத்தகம் அடிக்கும் அச்சகத்தில் மெல்லிய நிறத்தாளில் எண் போட்டு, துளைவரிசை அடித்து, கட்டுக்கு நூறாகக் கம்பி குத்தி வாங்கினேன். 25 பைசா, 35 பைசா, 60 பைசா என்று மூன்று விலை, மூன்று நிறம். எந்தப் போக்குவரத்துக் கழகத்தின் பெயரும் அதில் இல்லை, இருக்கவும் கூடாது. அந்தத் தாள் கைக்கு வந்ததும் கட்டைவிரல் ஈரம் தொட்டு, சுண்டி, கிழித்து, நீட்டியது. இரண்டு நொடி. ஏழு மாதத்தில் அந்த அசைவு ஒருநாளும் தவறியதில்லை.

பயணிகளாக நாங்கள்தான் உட்காருகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் வந்துவிடுகிறார்கள். "எங்கே போக வேண்டும்?" என்று அப்பா கேட்பார். தாராசுரம், சுந்தரபெருமாள்கோவில், பாபநாசம், அய்யம்பேட்டை, பசுபதிகோவில், தஞ்சாவூர் என்று ஆளுக்கொரு ஊர் சொல்வார்கள். வரிசை மாறினால் திருத்துவார். பேத்தியின் பெயர் அவருக்கு நினைவில்லை. ஆனால் அவள் பாபநாசத்துக்குப் பிறகு சுந்தரபெருமாள்கோவில் கேட்டால், "அது தாண்டிவிட்டதம்மா, இறங்கி எதிர் வண்டி பிடி" என்கிறார்.

இங்கே ஒரு கேள்வியை அம்மா எழுப்பினார். "வராத பஸ்ஸுக்கு உட்கார வைத்து அவரை ஏமாற்றுகிறோமா?" ஜெர்மனியில் டூசெல்டார்ஃப் நகரின் பென்ராத் முதியோர் இல்லத்துக்கு வெளியே ஒரு பஸ் நிறுத்தம் வைத்தார்கள்; அங்கே எந்தப் பஸ்ஸும் நிற்காது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று வெளியேறுகிறவர்கள் அங்கே வந்து உட்காருவார்கள். சற்று நேரத்தில் மனம் ஆறி உள்ளே திரும்புவார்கள். அதை அன்பு என்பவர்களும் உண்டு, பொய் என்பவர்களும் உண்டு. நான் எடுத்த முடிவு இது: "பஸ் வரும்" என்று நாங்கள் ஒருபோதும் சொல்வதில்லை. அவர் கேட்டால், "உட்காருங்கள் அப்பா, நான் ஒரு டிக்கெட் வாங்குகிறேன்" என்போம். டிக்கெட் உண்மை, சில்லறை உண்மை, அவர் கொடுக்கும் மீதி உண்மை. அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. அம்மாவுக்கு இதில் முழு நிறைவு இல்லை. எனக்கும் சில நாட்களில் இல்லை.

பழைய காலத்தைத் திறந்தால் நல்லது மட்டும் வெளியே வராது என்பதையும் சொல்ல வேண்டும். கண்டக்டர் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட் எண்ணை எழுதும் தாள் ஒன்றையும் கோடு போட்டு வைத்திருந்தேன். அவரால் எண்களைத் தொடர முடியவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் காக்கிச் சட்டையில் வந்து, விளையாட்டாக, "செக்கிங்!" என்று கை நீட்டினார். அப்பாவின் உதடு நடுங்கியது. பையைத் தரையில் கவிழ்த்து நாணயங்களை எண்ணினார். எண்ணி முடிக்க முடியாமல் மறுபடி எண்ணினார். "கணக்கு சரியாகத்தான் இருக்கும் சார், கூட்டம் அதிகம் சார்." 1981-ல் எப்போதோ வசூலில் சில ரூபாய் குறைந்து பத்து நாள் அலைந்தாராம், அம்மா அன்றுதான் எனக்குச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரரும் கலங்கிப்போய் நின்றார். அந்தத் தாளை அன்றே எரித்தேன். காக்கிச் சட்டை யாரும் போடுவதில்லை. பழைய சூழல் அமைக்க நினைப்பவர்கள், அந்த மனிதருக்கு அந்தக் காலத்தில் என்ன வலி இருந்தது என்று வீட்டு மூத்தவர்களைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நான் கேட்காமல் தொடங்கினேன்.

பலன் என்னவென்றால், நோய் குறையவில்லை. குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் நினைவூட்டல் சிகிச்சையின் பலன்கள் சிறியவை, செய்யும் முறைக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறுபவை என்றுதான் தெரிந்தது. எங்கள் வீட்டு நோட்டில் நான் எழுதி வைத்தது: தொடங்கும் முன் ஒரு மாதத்தில் இருபத்தாறு மாலைகள் கேட்டை ஆட்டினார், போன மாதம் ஏழு. இரவுச் சாப்பாட்டை மறுப்பதும் குறைந்திருக்கிறது. மாலை ஒரு மணி நேரம் அம்மாவால் உட்கார முடிகிறது. அம்மா அந்த ஒரு மணி நேரத்தைத்தான் பெரிதாகச் சொல்கிறார்.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் அய்யம்பேட்டை. ஒருநாள் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த ஊருக்கு ஒரு டிக்கெட் கேட்டார். அப்பா அவரை அடையாளம் காணவில்லை. ரோஸ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, ஒரு ரூபாய்க்கு மீதி எண்ணிக் கையில் வைத்து, "தனியாகவா போகிறீர்கள்? இருட்டுவதற்குள் போய்விடும், பயப்படாதீர்கள்" என்றார். அம்மா அந்த டிக்கெட்டை மஞ்சள் டப்பாவில் வைத்திருக்கிறார்.

இருக்கையின் வலது தையல் மறுபடி விடத் தொடங்கியிருக்கிறது, ஐப்பசி மழைக்கு முன் பிரித்துத் தைக்க வேண்டும். அச்சகத்தில் அடுத்த ஐந்து கட்டுக்குச் சொல்லிவிட்டேன். 35 பைசா டிக்கெட்டை இந்த முறை கரும்பச்சையில் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ரோஸ் நிறம் இப்போதெல்லாம் அவர் உள்ளங்கையோடு கலந்துவிடுகிறது, கையில் இருப்பதைத் தேடுகிறார்.